பல்வலி முயல்

இரண்டு தாடைகளையும் ஒரே குழாயில் வைத்துவிடலாம் என்று சொன்னவர் முயல்காரர்தான். பின்னால் அதை நினைத்து எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டார். அன்று காலை மட்டும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

முயல்காரர் என்பது அருங்காட்சியகத்தில் அவருக்கு விழுந்த பெயர். அவர் முயல் வளர்ப்பவர் அல்லர். உயிருள்ள முயல் ஒன்றைக் காதைப் பிடித்துத் தூக்கியதுகூடக் கிடையாது. மனிதன் தலைகாட்டுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே பூண்டற்றுப்போன முயல்களின் பல்லும் மண்டையோடும்தான் அவருடைய பிழைப்பு. வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் முயல்காரர். அவருடைய அறைக்குப் பொந்து என்று பெயர். "சார் பொந்துல இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கீழ்த்தளத்தில் புதிதாக ஒரு ஸ்கேன் எந்திரம் வந்திருந்தது. எலும்பை உடைக்காமல், அறுக்காமல், உள்ளுக்குள் இருப்பதை மெல்லிய ஏடு ஏடாகப் படம் பிடித்துக் கணினியில் அடுக்கிக் காட்டும் எந்திரம். ஊரில் எந்தக் கல்லூரியில், எந்தப் பெட்டியில் புதைபடிவ எலும்பு இருந்தாலும் அதையெல்லாம் இங்கே வரவழைத்துப் படம் எடுத்துவிட வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு போட்டிருந்தார். அந்த உத்தரவின் பேரில்தான் மைத்துனரின் தாடையும் வந்து சேர்ந்தது. அதாவது, கல்லூரியில் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனர் கண்டெடுத்த முயல் தாடை. பஞ்சில் பொதிந்து, சின்னப் பெட்டியில் போட்டு, கல்லூரி அலுவலகத்தின் வழியாக அனுப்பியிருந்தார். தன் கைப்பட ஒரு வரிகூட எழுதவில்லை.

எந்திரத்தைக் கவனித்துக்கொண்ட ஸ்கேன் மேடம் முன்பு ஒரு தொழிற்சாலையில் எஞ்சின் வார்ப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்.

"ஒவ்வொண்ணா வச்சா இன்னிக்கு முடியாது சார். ஒரு ஓட்டத்துக்கே அரை நாள் இழுத்துடும்."

"சுண்டுவிரல் நீளம்தானே? ரெண்டையும் ஒரே குழாய்ல வச்சிடுங்க. மோவாய்ப் பக்கம் ஒண்ணையொண்ணு பாத்த மாதிரி வச்சா இடம் பத்தும்."

ஒன்று முயல்காரருடைய தாடை, வலப் பாதி. இரும்புச் சத்துள்ள மண்ணில் கிடந்ததால் வெல்லக்கட்டி மாதிரி பழுப்பு. மற்றது மைத்துனருடையது, இடப் பாதி. சுண்ணாம்பில் கிடந்து வெளுத்துப் போயிருந்தது. இரண்டையும் நடுவில் மெல்லிய பஞ்சுத் தாள் வைத்துக் குழாயில் இறக்கினார்கள்.

மத்தியானம் படம் வந்தது. ஸ்கேன் படத்தில் நிறம் கிடையாது. பழுப்பும் வெள்ளையும் போய் இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் திரையில் மிதந்தன. ஸ்கேன் மேடம் பஞ்சை அழித்தார். பிறகு இரண்டையும் பெரிதாக்கிக் காட்டலாம் என்று ஒன்றை மற்றதன் பக்கம் தள்ளினார். தள்ளியது போய் உட்கார்ந்துகொண்டது.

"சார், இது உடைஞ்ச பீஸா? சரியா உக்காருதே."

முயல்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்கு அருகில் குனிந்தார். முயலின் கீழ்த்தாடை இரண்டு பாதி. மோவாயில் இரண்டும் சேரும் இடம் சாகும்வரை எலும்பாகக் கெட்டிப்படாது. சொரசொரப்பாக, மேடும் பள்ளமுமாகக் கோத்துக்கொண்டு நிற்கும். செத்த பிறகு சதை அழுகியதும் இரண்டும் கழன்று தனித்தனியே உருண்டு போகும். அந்த மேடு பள்ளம் விலங்குக்கு விலங்கு வேறுபடும், கிழித்த காகிதத்தின் ஓரம் மாதிரி. ஒரு துண்டின் ஓரம் அதன் மறு துண்டோடு மட்டும்தான் பொருந்தும்.

திரையில் மேடு பள்ளத்தில் விழுந்தது, பள்ளம் மேட்டை ஏந்திக்கொண்டது. நடுவில் மயிரிழை இடைவெளி இல்லை.

"ஒரே முயலா சார்?" என்றார் ஸ்கேன் மேடம். அவருக்கு அது சாதாரணக் கேள்வி.

"இல்லம்மா. வேற வேற."

"பல்லுப் பல்லா கோத்துக்குதே."

"எல்லா முயலுக்கும் மோவாய் அப்படித்தான் இருக்கும்."

இத்தனை வருஷ வேலையில் எலும்பைப் பற்றி அவர் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது. அடுத்ததைச் சொல்ல அவ்வளவு சிரமமாக இல்லை.

"இந்தப் படம் வேணாம். தனித்தனியா எடுத்துடுங்க."

"நல்லாத்தானே வந்திருக்கு சார்?"

"தனித்தனியா."

ஸ்கேன் மேடம் தோளைக் குலுக்கிக்கொண்டு சரி என்றார்.

*

முயல்காரர் ஏன் பொய் சொன்னார் என்று புரிய வேண்டுமானால் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஊருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் குழி இருந்தது. அதன் களிமண் அடுக்கில் பழைய எலும்புகள் கிடைத்தன. அங்கே முதலில் இறங்கியவர் முயல்காரர். மறு வருஷம் அவருடைய மனைவியின் தம்பியும் கல்லூரியிலிருந்து வந்து இறங்கினார். அத்தானும் மச்சானும் ஒரே குழியில் குந்தி, ஒரே வாளித் தண்ணீரில் மண்ணைக் கரைத்து, சல்லடையில் அலசி அலசிப் பல் பொறுக்கிய காலம் அது. மதியம் ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். மச்சானுக்கு வாய் நீளம், அத்தானுக்குப் பொறுமை நீளம். வீட்டில் அக்காவுக்கு அப்போது இரண்டு பேரும் ஒரு கட்சி, தான் மட்டும் எதிர்க்கட்சி.

ஆளுக்கொரு தாடை கிடைத்தது. ஆளுக்கொரு புது இனம் என்று எழுதினார்கள். மச்சானுடைய கட்டுரை சில மாதம் முந்தி அச்சேறியது. அவர் தன் முயலுக்கு அந்தச் சுண்ணாம்புக் குழியின் பெயரை வைத்தார். முயல்காரர் தன் முயலுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார்.

முயலின் இனத்தைச் சொல்வது காதோ வாலோ அல்ல, கீழ்த்தாடைக் கடைவாய் வரிசையின் முதல் பல். கடலைப்பருப்பில் கால்வாசி இருக்கும். அதன் மெல்லும் பரப்பில் எனாமல் எப்படி மடிந்து உள்ளே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முயல்காரருடைய பல்லில் மடிப்பு ஓடைபோல் விளிம்புவரை திறந்திருந்தது. பல்லும் உயரமாக, கன்னப் பக்கம் சாய்ந்து நின்றது. 'சாய்ந்த பல் இவ்வினத்தின் தனி அடையாளம்' என்று எழுதினார். மைத்துனருடைய பல்லில் அதே மடிப்பு விளிம்பை எட்டாமல் மூடி, நடுவில் ஒரு தீவாக நின்றது. பல் குட்டை. 'தேய்ந்தாற்போன்ற குட்டைப் பல் இவ்வினத்தின் தனி அடையாளம்' என்று அவர் எழுதினார்.

பிறகு ஒரு கூட்டம் நடந்தது. பெரிய மண்டபம், வெளியூர் ஆட்கள், மேடையில் மைத்துனர். யாரோ அத்தானின் இனத்தைப் பற்றிக் கேட்டார்கள். மைத்துனருக்கு நாக்கு சும்மா இருக்குமா?

"அத்தானோட முயல் புது இனம் இல்லீங்க. அதுக்குப் பல்வலி."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த முயல்காரரும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவரும் ஒரு பத்திரிகையில் நிதானமாக, இலக்கணச் சுத்தமாக எழுதினார்: மைத்துனருடைய முயல் புது இனமன்று, வெறும் கிழட்டு முயல். அதைப் படித்த அன்று மைத்துனர் அக்காவுக்குப் போன் செய்து, "உன் வீட்டுக்காரர் என்னைக் கிழவன்னு எழுதியிருக்கார்" என்றார். "உன்னை இல்லடா, உன் முயலை" என்றாள் அக்கா. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று வைத்துவிட்டார்.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு சனி விட்டு ஒரு சனி அக்கா தம்பி வீட்டுக்குப் போவாள். முயல்காரர் காரில் கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிடுவார். மாடியில் மைத்துனர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார். கார் வந்ததும் முதுகைத் திருப்பிக்கொள்வார். மழை கொட்டும் நாளிலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் நின்றார் என்று அக்கா ஒருமுறை இரண்டு பேருக்கும் சொல்லிக் காட்டினாள்.

*

ஸ்கேன் எடுத்த மறுநாள் முயல்காரர் பொந்துக் கதவைச் சாத்திக்கொண்டு நிஜ எலும்புகளை எடுத்து வைத்தார்.

இரண்டும் ஒரே விலங்கு என்றால் இந்த எட்டு வருஷமும் ஒருவர் கண்ணிலும் படாமல் எப்படிப் போயிற்று? அதை நினைத்தபோது அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று எல்லாப் பல்லையும் இடப் பல்லாகவே வரைந்து காட்டுவார்கள். வலப் பல் கிடைத்தால் கண்ணாடியில் பார்த்தாற்போலத் திருப்பி வரைந்து, கீழே பொடி எழுத்தில் 'வலப்பக்கம், திருப்பியது' என்று போட்டுவிடுவார்கள். அவரும் அப்படித்தான் போட்டிருந்தார். படிக்கிறவர் எல்லோரும் இரண்டு இடப் பற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போட்டார்கள். இரண்டு இடது செருப்பை எவனாவது ஜோடி என்பானா? தன் கையில் இருப்பது வலது என்று அவருக்குத் தெரியும். ஆனால் மைத்துனருடைய எலும்பைக் குழியில் மண் அப்பிக் கிடந்தபோது பார்த்ததோடு சரி, சுத்தம் செய்த பிறகு இந்தப் பெட்டி வந்து சேரும்வரை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. கட்டுரையில் வந்த அதன் படத்தைத் தன்னுடைய படத்தோடு வைத்துத்தான் பார்த்தார். எலும்பை எலும்போடு வைத்துப் பார்க்க ஒரு வீட்டுப்படி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

அவர் மெத்தனமான ஆள் இல்லை. ஒரு பொருத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டார். அதே குழியில் கிடைத்த ஒரு மண்டையோடு அடித்தட்டில் கிடந்தது. நசுங்கிப் போனது என்று யாரும் சீந்தாமல் விட்டது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். முயல் என்பதில் சந்தேகமில்லை. கன்னத்து எலும்பு வலைபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது, மேல்வாயில் பெரிய முன்பல் இரண்டுக்குப் பின்னால் குட்டிப் பல் இரண்டு ஒளிந்திருந்தன. எலிக்கும் அணிலுக்கும் அந்தப் பின்பல் கிடையாது. இடப்பக்கக் கடைவாய் வரிசை முழுசாக இருந்தது, ஆனால் அதன் முன்கோடிப் பற்கள் தேய்ந்து மொழுக்கென்று ஆகி, மைத்துனருடைய தாடையின் குட்டைப் பல்லோடு கச்சிதமாகப் பொருந்தின. வலப்பக்கம் வரிசையின் முன்னால் பல் இல்லை. பல் இருந்த குழியும் இல்லை. எலும்பு வளர்ந்து அதை மூடியிருந்தது. உயிரோடு இருக்கும்போதே பல் போய், புண் ஆறி, அதன் பிறகும் அந்த முயல் வாழ்ந்திருக்கிறது.

முயல் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்வதால்தான் அது அளவோடு நிற்கிறது. எதிர்ப் பல் போய்விட்டால் இந்தப் பல்லைத் தடுக்க ஆளில்லை. ஓங்கி வளர்ந்து, இடம் தேடிக் கன்னப் பக்கம் சாயும். தேய்மானம் இல்லாததால் குட்டிப் பருவத்து மடிப்பு அப்படியே மேலே நிற்கும். மறுபக்கமோ, இரண்டு பக்கத்து வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு தேயும், காலத்துக்கு முன்பே கிழடாகும்.

முயல்காரர் நாற்காலியில் சாய்ந்தார். ஒரே வாயில் ஒரு பக்கம் குட்டி, ஒரு பக்கம் கிழம். பல்வலி என்று மச்சான் சொன்னது கேலி அல்ல, நோய்க்குறிப்பு. கிழம் என்று தான் எழுதியதும் அப்படியே. ஒருவரையொருவர் குத்துவதற்கென்று சொன்ன இரண்டு வார்த்தைதான் அந்த முயலைப் பற்றி இதுவரை யாரும் சொன்னதில் உண்மை. பெருமையாக எழுதிய மற்றது எல்லாம் பிழை.

சரி, பிழை என்றால் திருத்த வேண்டியதுதானே? அங்கேதான் முள் இருந்தது. ஒரே விலங்குக்கு இரண்டு பெயர் வைத்திருந்தால் முந்தி அச்சேறிய பெயர் நிற்கும், பிந்தியது அழியும். வர்ணனை தப்பாக இருந்தாலும் முந்திய பெயருக்கே உரிமை. மச்சானுடைய பெயர் முந்தியது. முயல்காரர் இத்தனை வருஷத்தில் உலகத்துக்குக் கொடுத்த ஒரே பெயர் தன் மனைவியின் பெயர். வாயைத் திறந்தால் அது போய்விடும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தனித்தனிப் படம் தனித்தனிப் பெட்டிக்குப் போகும்.

அந்த வாரம் முழுக்க அவர் தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். இது என் பெயராக இருந்தால் விட்டுக்கொடுப்பேன், அவள் பெயர் ஆயிற்றே, அவளைக் கேட்காமல் நான் எப்படி? நல்ல நியாயம். ஆனால் கேட்கவும் இல்லை. அதே சமயம், பழைய படத்தை ஸ்கேன் மேடத்திடம் கெஞ்சி வாங்கி, முப்பரிமாண அச்சு எந்திரத்தில் இரண்டு தாடையையும் ஒரு சாண் நீளத்துக்குப் பெரிதாக்கி, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வார்த்தெடுத்துக் காரின் பின்பெட்டியிலும் போட்டு வைத்தார். எதற்கு என்று கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

*

சனிக்கிழமை வந்தது. கார் தெருமுனையில் நின்றது. மனைவி கதவைத் திறக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம்," என்றார்.

"என்ன? வாரம் பூரா முழுங்கின மாதிரி இருக்கீங்க. துப்பிடுங்க."

துப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக, அறிக்கை படிப்பது போலச் சொன்னார். மோவாய், மண்டையோடு, ஆறிப்போன குழி, எது முந்தியது, எது அழியும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். மாடியில் மைத்துனர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஆக, என் பேர்ல இருந்தது பல்வலி முயல்."

"ம்."

"எட்டு வருஷமா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் என் பேர்ல ஒரு முயல் இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அது ஒரு பக்கமா மென்னுக்கிட்டிருந்திருக்கு, பாவம்."

"சிரிக்காதே. உன் பேரு போயிடும். அதான் யோசிக்கிறேன். நீ வேணாம்னா நான் சொல்லல."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தாங்க. என் பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்காதீங்க. நான் அவ்வளவு அகலம் இல்ல."

அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"அதை எனக்குக் குடுத்தப்போ உண்மைன்னு நெனச்சுக் குடுத்தீங்க. வாங்கிக்கிட்டேன். இப்போ பொய்னு தெரிஞ்சு என்கிட்டயே வச்சிருன்னா, அது எனக்கா குடுக்கறீங்க? உங்களுக்கு வச்சுக்கறீங்க." கதவைத் திறந்தாள். "நான் மேல போறேன். நீங்க வந்தாலும் சரி, வழக்கம்போல வண்டியைத் திருப்பினாலும் சரி. ஆனா ஒண்ணு, அவன் அந்தச் செடிய ஊத்தி ஊத்தியே அழுக வச்சுட்டான்."

அவள் போய்விட்டாள். முயல்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதில் மறுத்துப் பேச ஓரிடம் கிடைக்குமா என்று முறையாகத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. இறங்கிப் பின்பெட்டியைத் திறந்தார்.

*

மாடிக்கதவைத் திறந்தவர் மைத்துனர்தான். கையில் இன்னும் தண்ணீர்க் குவளை. முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது. தூரத்தில் முதுகையே பார்த்துப் பழகிய முயல்காரருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"வாங்க," என்றார் மைத்துனர். பிறகு பழக்கதோஷத்தில், "அத்தான்."

"மச்சான், உன்னோட ஒரு வேலை இருக்கு."

"வேலையா? எட்டு வருஷம் கழிச்சு வந்து, சௌக்கியமான்னு கேப்பீங்கன்னு பாத்தேன்."

"சௌக்கியமா?"

"இருக்கேன். உங்க கணக்குல கிழவன்."

சாப்பாட்டு மேஜையில் அக்கா உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முயல்காரர் பையிலிருந்து இரண்டு வெள்ளைத் தாடைகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் மச்சான் வாதாடத் தொடங்குவார் என்று அவருக்குத் தெரியும். வார்த்தையோடுதான் அவர் வாதாடுவார், எலும்போடு மாட்டார்.

"இது என்னோடது," என்று மைத்துனர் ஒன்றை எடுத்தார். "நல்லா அச்சு அடிச்சிருக்காங்க. தீவு தெரியுது பாருங்க." மற்றதைப் பார்த்தார். "இது உங்க பல்வலி... ஆமா, ஏன் திருப்பிப் போட்டிருக்கீங்க?"

"திருப்பல. அது வலதுதான்."

"வலதா? படத்துல..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். பொடி எழுத்து அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒன்றை இடக்கையிலும் ஒன்றை வலக்கையிலும் எடுத்தார். விரல்கள் தாமாகவே இரண்டையும் மோவாய்ப் பக்கம் கொண்டுபோயின. டக்கென்று ஒரு சின்னச் சத்தம். பட்டாணி உரித்த கையும் நின்றது.

மைத்துனர் அதைக் கழற்றினார். மறுபடி சேர்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இடுக்கு தெரிகிறதா என்று பார்த்தார்.

"மேல்வாய் இருக்கா?" குரல் தாழ்ந்திருந்தது.

"இருக்கு. நசுங்கினது. வலப்பக்கம் பல் போய்க் குழி மூடியிருக்கு."

"அப்போ நிஜமாவே பல்வலியா?"

"நிஜமாவே."

"நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன் அத்தான்."

"தெரியும். நானும்தான் கிழம்னு வாய்க்கு வந்ததை எழுதினேன். உன் பக்கம் கிழம்தான்."

மைத்துனர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். யாருடைய கட்டுரை முந்தியது என்று அவர் கணக்குப் போடுகிறார் என்பது முயல்காரருக்குத் தெரிந்தது. அந்த முகத்தில் சந்தோஷம் வருமென்று எதிர்பார்த்து, அதைத் தாங்கிக்கொள்ளப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மைத்துனர் அக்காவைப் பார்த்தார்.

"அக்கா பேரு போயிடுமே."

"போகட்டும்டா," என்றாள் அக்கா. "சொத்தைப் பல்லு."

"என்னோடது நிக்கும். ஆனா நான் எழுதினது ஒரு வரி தேறாது. குட்டைப் பல் அடையாளம்னு எழுதினேன். வேலை செஞ்சு தேஞ்ச பல்லைப் போய்." தலையைச் சொறிந்தார். "நீங்க பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"இருந்தேன். ஒரு வாரம்."

அதை மைத்துனர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தார். செய்யவில்லை. "நானா இருந்தா ஒரு மாசம் இருந்திருப்பேன்," என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவர்கள் வேலைக்கு வந்தார்கள். மறுபடி எழுத வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து. எந்த அடையாளம் தேறும், எது தேறாது? மற்றக் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றனவா? கன்னத்து வலை எலும்பின் ஓட்டைகள் மற்ற முயல்களைவிடப் பெரியவை என்றார் முயல்காரர். அது நசுங்கினதால் அப்படித் தெரியும் என்றார் மைத்துனர். "நசுங்கினா ஓட்டை சின்னதாகும், பெருசாகாது," "எந்தப் பக்கமா நசுங்கிச்சுங்கறதைப் பொறுத்து," "நீ பாத்தியா? நான் பாத்தேன்," "நீங்க பாத்த லட்சணம்தான் தெரியுமே, பல்வலியை இனம்னு எழுதினவரு," என்று சத்தம் ஏறியது. கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அக்கா உரித்த பட்டாணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இனி அவள் மறுபடி எதிர்க்கட்சிதான்.

*

திங்கட்கிழமை முயல்காரர் முதல் வேலையாகக் கீழ்த்தளத்துக்குப் போய் ஸ்கேன் மேடத்திடம் சொன்னார்.

"அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, ஒரே முயலான்னு. ஒரே முயல்தான். நான் சொன்னது தப்பு."

"எனக்குத் தெரியுமே சார்," என்றார் அவர், வேறொரு எலும்பைக் குழாயில் இறக்கியபடி. "அந்த முதல் படத்தை நீங்க வந்து கேட்டு வாங்கிட்டுப் போனப்போவே நெனச்சேன்."

புதன்கிழமை மைத்துனர் பொந்துக்கு வந்தார். கல்லூரியில் சொல்லி, தன் தாடையை அருங்காட்சியகத்திலேயே வைக்க ஏற்பாடு செய்திருந்தார். அங்கே பாதி, இங்கே பாதி என்று கிடந்தால் அடுத்து வருகிற முட்டாளும் இரண்டு முயல் என்றுதான் நினைப்பான் என்பது அவருடைய வாதம். முயல்காரர் ஒரு புதுப் பஞ்சுப் பலகையை எடுத்து, கத்தியால் இரண்டு குழி வெட்டினார். பழுப்பை ஒன்றிலும் வெள்ளையை ஒன்றிலும், மோவாய் மோவாயைப் பார்க்க வைத்தார். நடுவில் காகிதப் பருமனுக்கு ஒரு சுவர் விட்டிருந்தார்.

"இதை எடுத்துட்டு ஒட்டியே வச்சுடக் கூடாதா அத்தான்?"

"ஒட்டினா உரசும். உரசினா முனை மழுங்கும். அப்புறம் பொருந்தினதுக்கு அத்தாட்சி இல்லாமப் போயிடும்."

மைத்துனர் விரல் நுனியால் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "சரிதான்," என்றார்.

அடுத்தது பெயர்ச்சீட்டு. புதுச் சீட்டில் சுண்ணாம்புக் குழியின் பெயரை முயல்காரர் தன் கையாலேயே எழுதினார். ஒரு எழுத்தும் தப்பவில்லை. அருங்காட்சியகத்தில் பழைய சீட்டைக் கிழித்துப் போடும் வழக்கம் இல்லை. தப்பான பெயரானாலும் அது அதே பெட்டியில், புதுச் சீட்டுக்கு அடியில் இருக்கும். மனைவியின் பெயர் எழுதிய சீட்டை எடுத்துத் துடைத்துக் கீழே வைத்து, அதன்மேல் புதியதை வைத்தார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அடியில நான் இருக்கேன்ல?"

"இருக்கே. பெட்டி இருக்கற வரைக்கும்."

"அது போதும்," என்றாள் அவள். "இந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடிங்க."